இடப்பக்கம் கிழக்கு

ரயில் நிலையத்தை விட்டு வெகுதூரம் நடந்து வந்த பிறகுதான் என் சட்டையில், நான் பார்த்துக்கொண்ட நோயாளியான பாயின் தைல வாசனை ஏறியிருப்பது தெரிந்தது. சற்று முன்புதான் அவரை இரண்டு கைகளிலும் ஏந்திப் போய் ரயில்பெட்டியின் கீழ்ப்படுக்கையில் கிடத்திவிட்டு இறங்கியிருந்தேன். வண்டி கிளம்பும்வரை நிற்கவில்லை. வழியனுப்பிக் கையாட்டுவதெல்லாம் எனக்குப் பழக்கமில்லை. தோளில் ஒரு பை. அதில் இரண்டு சட்டை, ஒரு கைலி, அவருடைய மகள் கட்டிக் கொடுத்த சோற்றுப் பொட்டலம். ஆட்டோக்காரர்கள் கூப்பிட்டார்கள். போகிற இடம் இருப்பவன்தானே ஆட்டோவில் ஏற முடியும்? நான் பேருந்து நிலையப் பக்கமாக நடந்தேன். மனசு லேசாக இருந்தது. ஒரு வேலையை விட்டு வரும்போது எனக்கு அதற்கு முன் அப்படி இருந்ததில்லை. பெரும்பாலும் யாரையாவது திட்டிவிட்டோ யாரிடமாவது திட்டு வாங்கிக்கொண்டோதான் நான் வேலைகளை விட்டு வந்திருக்கிறேன்.

இது நடந்து சில வருஷங்கள் ஆகின்றன. அந்த ரயிலில் போன மகளைப் பற்றித்தான் எழுதுகிறேன். பெயர் வேண்டாம். நான் அவரை மேடம் என்று கூப்பிட்டேன், அவர் என்னை அண்ணே என்றார். வயதில் நாங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். நாகல் நகரில் அவர்கள் வீடு. அப்பா தோல் வியாபாரம் செய்து ஓய்ந்தவர். மகள் வானத்தை ஆராய்ச்சி செய்கிறவர். வெளியூரில் செய்துகொண்டிருந்த ஒப்பந்த வேலை முடிந்த நேரத்தில் அப்பாவைப் பக்கவாதம் படுக்கையில் போட்டுவிட, ஊருக்கு வந்து உட்கார்ந்துவிட்டார். வடக்கே ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் நிரந்தர வேலைக்கு மனுப் போட்டிருந்தார். அது கிடைத்தால் அங்கே கொடுக்கும் குடியிருப்பில் அப்பாவை வைத்துக்கொண்டு ஆராய்ச்சியையும் பார்க்கலாம். கிடைக்காவிட்டால் ஊரிலேயே ஏதாவது கோச்சிங் சென்டரில் பாடம் எடுக்க வேண்டியதுதான். அந்த வேலைக்கான வயது வரம்பு நெருங்கிவிட்டதால் மறுபடி மனுப் போடவும் வழியில்லை. இதை அவர் ஒரு குறையாகச் சொல்லவில்லை. பால் வாங்க வேண்டும் என்று சொல்வது போல ஒருநாள் சொன்னார்.

நான் அங்கே போய்ச் சேர்ந்த கதை பெரிதாக ஒன்றுமில்லை. ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர் வண்டியில் வெளி மாநிலங்களில் சுற்றி, தோள்பட்டை இறங்கி, அதை விட்டேன். பிறகு திண்டுக்கல்லில் தோல் பதனிடும் ஷாப்பு ஒன்றில் ஊறிய தோலைத் தொட்டியிலிருந்து இழுத்துப் போடும் வேலை. சுண்ணாம்பில் கைத்தோல் உரிந்து சோறு பிசைய முடியாமல் போனதும் அதையும் விட்டேன். டீக்கடையில் ஒருவர், நாகல் நகரில் ஒரு பாய் வீட்டில் நோயாளியைத் தூக்க ஆள் தேடுகிறார்கள் என்றார். போனேன். மகள் கதவருகே நின்று கேட்டார்.

"ஆளத் தூக்கிப் பழக்கம் உண்டாண்ணே?"

"தோல் ஷாப்புல ஊறுன தோலத் தூக்கிருக்கேன் மேடம். அதவிடவா பாய் கனமா இருந்துரப் போறாரு?"

உள்ளேயிருந்து குழறிய குரல் ஒன்று வந்தது. "ஏலே, நானும் தோல் யாவாரிதான். என்னைய ஊறப் போட்டுராத."

அப்படித்தான் வேலையில் சேர்ந்தேன். பாயின் கட்டில் வடக்கே தலை வைத்துக் கிடந்தது. எங்கள் சேவுகம்பட்டிப் பக்கம் யாரும் அப்படிப் படுக்க மாட்டார்கள். முதல் நாளே சொல்லிப் பார்த்தேன்.

"வடக்க தல வச்சுப் படுக்கக் கூடாது மேடம்."

"எங்கள்ல கடைசியில வடக்க தல வச்சு, மொகத்த மேற்க திருப்பித்தான்லே படுக்க வைப்பாங்க" என்றார் பாய். "நான் இப்பவே பழகிக்கிறேன்."

"சும்மா இருங்கத்தா. ஜன்னல் காத்து வரட்டும்னு அப்படிப் போட்டது" என்று மகள் தலையணையைத் தட்டிப் போட்டார். அப்பாவை அவர் அத்தா என்றுதான் கூப்பிடுவார்.

மகளை முதலில் எனக்குப் பிடிக்கவில்லை. காரணம் ஒரு கேள்வி. யார் எதைச் சொன்னாலும் அவர் அதைத்தான் கேட்பார். சேர்ந்த வாரம், பாய் காலையில் இரண்டு இட்லி சாப்பிட்டார் என்றேன்.

"பாத்ததா, நெனச்சதாண்ணே?"

தட்டைப் பக்கத்தில் வைத்துவிட்டு நான் துணி காயப் போடப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது தட்டு காலி. காலித் தட்டு என்றால் சாப்பிட்டதாகத்தானே அர்த்தம்? மறுநாள் நான் துணியை எடுத்துக்கொண்டு போவது போலப் போய்க் கதவிடுக்கில் நின்று பார்த்தேன். பாய் ஒரு இட்லியைத் தின்றார். இன்னொன்றை நல்ல கையால் பிய்த்துப் பிய்த்து ஜன்னலுக்கு வெளியே எறிந்தார். காக்கைகள் வரிசையாக வந்து உட்கார்ந்திருந்தன.

"என்ன பாய் இது?"

"அதுகளுக்கும் பசிக்கும்லப்பு. நான் என்ன, தோல் மண்டிக்குப் போயா மூட்ட சொமக்கப் போறேன்?"

அவர் இளைத்துக்கொண்டே வந்ததற்குக் காரணம் அன்றைக்குத்தான் தெரிந்தது. அதற்குப் பிறகு நான் எதிரே உட்கார்ந்து ஊட்டினேன்.

டாக்டரையும் மகள் விடவில்லை. வலது கை இனிமேல் வராது என்று டாக்டர் சொன்னபோது, பரிசோதித்துப் பார்த்துச் சொல்கிறாரா, இல்லை இதுமாதிரி நோயாளிகளுக்கு வராது என்று நினைத்துச் சொல்கிறாரா என்று கேட்டார். டாக்டருக்கு முகம் சிவந்தது. மகள் ரப்பர் பந்து ஒன்றை வாங்கி வந்து தினமும் பாயின் வலது கையில் வைத்து அமுக்கச் சொன்னார். மழைக்காலம் முழுவதும் அமுக்கினோம். கை வரவில்லை. அடுத்த முறை போனபோது, "நீங்க சொன்னதுதான் சரி டாக்டர், பாத்துட்டேன்" என்று அவராகவே சொன்னார். டாக்டர் மாத்திரைச் சீட்டை எழுத ஆரம்பித்தார்.

ஆனால் மாமி விஷயத்தில் அவர் செய்தது இன்றும் எனக்கு உறுத்துகிறது. பாயின் தங்கைதான் மாமி; ஒருநாள் பார்க்க வந்தார். வயதானவர், பேகம்பூரிலிருந்து வெயிலில் வந்திருந்தார். அண்ணன் தலையைத் தடவிவிட்டு, "மொகம் முன்னைக்கு இப்ப தெளிஞ்சிருக்கும்மா, அல்லா லேசாக்கிருவான்" என்றார்.

"தெளிஞ்சிருக்கறது பாத்துச் சொல்றீங்களா மாமி? நீங்க போன தடவ வந்தப்ப அவரு மொகத்தையே பாக்கல. அழுதுக்கிட்டே இருந்தீங்க."

மாமி எழுந்துவிட்டார். டீ வேண்டாம் என்றார். வாசலில் செருப்பைத் தேடியபடி என்னிடம், "ஆறுதலுக்கு ஒரு வார்த்த சொன்னா அதுக்கும் சாட்சி கேக்குறா, பாத்தியாப்பா?" என்றார். செருப்பை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். உள்ளே வந்தபோது மகள் அடுப்படியில் அந்த டீயைத் தானே குடித்துக்கொண்டு நின்றார். கண் கலங்கியிருந்ததா என்று சொல்ல முடியாது. வெங்காயமும் நறுக்கிக்கொண்டிருந்தார்.

அவர் அப்படி என்னதான் ஆராய்ச்சி செய்கிறார் என்று ஒரு மத்தியானம் கேட்டேன். முன்கட்டு அறையில் கம்ப்யூட்டர். திரையில் ஒரு படம், சாய்ந்து கிடக்கும் தட்டு மாதிரி. பக்கத்தில் அதே அளவில் இன்னொன்று, ஒரு பாதி நீலம், ஒரு பாதி சிவப்பு. அவர் எழுந்து போய் அடுப்படியிலிருந்து சஹனை எடுத்து வந்தார். விருந்துகளில் நான்கைந்து பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடும் பெரிய தட்டு அது. ஒரு பச்சைப் பட்டாணியும் கொண்டு வந்தார்.

"இதுதான் கேலக்ஸின்னு வச்சுக்கங்கண்ணே. கோடிக்கணக்கான நட்சத்திரம் சுத்துது. நடுவுல ஒரு கருந்துள. எல்லாரும் அதப் பத்தித்தான் பேசுவாங்க. அது பாட்டுக்கு இருட்டாக் கெடக்கும். வாயு அதுக்குள்ள விழும்போது ஒண்ணோட ஒண்ணு உரசிச் சூடாகி ஜொலிக்கும். நடுவுல நமக்குத் தெரியற வெளிச்சம் அம்புட்டும் அந்த வாயுவோடது. வாயு வரலைன்னா நடு தூங்கிரும்."

"எனக்கும் நடுவுல வாயுதாம்மா தொந்தரவு" என்றார் பாய், அடுத்த அறைக் கட்டிலில் கண்ணைத் திறக்காமல்.

"எல்லாக் கேலக்ஸியிலயும் கருந்துள உண்டா மேடம்?"

"பெருசு எல்லாத்துலயும் உண்டுன்னு நெனைக்கிறோம். கொஞ்சத்துலதான் பாத்திருக்கோம்."

"அப்ப ஏன் எல்லாம் எரியல?"

அவருக்கு அந்தக் கேள்வி பிடித்துவிட்டது. பட்டாணியைச் சஹனின் விளிம்பை ஒட்டி உருட்டிவிட்டார். அது ஓரமாகவே சுற்றிச் சுற்றி வந்து, வேகம் குறைந்து, கடைசியில் நடுவில் போய் நின்றது. "பாத்தீங்களா, நேரா விழல. தட்டோட உரசி வேகத்தக் குடுத்துட்டுத்தான் விழுந்துச்சு. அங்க தட்டு ஏது? வாயு சுத்திக்கிட்டே கெடக்கும். இன்னொரு வாயு மேகத்தோட மோதணும், இல்ல பக்கத்துல வர்ற வேற கேலக்ஸி இழுத்துக் கலைக்கணும். சுத்துற வேகத்த யார்ட்டயாவது எறக்கி வச்சாத்தான் உள்ள போக முடியும்."

நான் வத்தலக்குண்டுக்கும் பழனிக்கும் ஒட்டன்சத்திரத்துக்கும் வேலை தேடி மாறி மாறி அலைந்ததை நினைத்துக்கொண்டேன்.

"உள்ள விழுந்துட்டா அதோட சரியா?"

"அங்கதாண்ணே வேடிக்க. ரொம்ப விழுந்தா நடுவுலருந்து புயல் மாதிரி ஒரு காத்து கெளம்பும். அது, வர்ற வாயுவயும் சேத்து வெளிய தள்ளிரும். புது நட்சத்திரம் பொறக்கறதும் அந்த வாயுவுலதான். அதுவும் நின்னு போகும். தன் தீனியத் தானே ஊதித் தள்ளிட்டுப் பட்டினி கெடக்கும்."

"நம்ம ஊரு பிரியாணிக் கடைக்காரன் மாதிரி" என்றார் பாய். "கூட்டம் சேந்துச்சுன்னா வெலைய ஏத்தி வெரட்டி விட்டுருவான். அப்புறம் ஈ ஓட்டுவான்."

மகள் ஆராய்ந்த கேலக்ஸி சாதாரணமானது. நடுவில் மங்கலான வெளிச்சம்தான். அவ்வளவு சோம்பலான நடுப்பகுதி பலமாக ஊதாது என்று எல்லாரும் எண்ணியிருக்க, இவர் ஊதுகிறது என்று கண்டுபிடித்திருந்தார். வாயு வெளியே தள்ளப்படுகிறது என்று மூன்று நான்கு பேரோடு சேர்ந்து கட்டுரை எழுதி அனுப்பியாகிவிட்டது. வேலைக்கான மனுவிலும் முதலில் நின்றது அதுதான்.

"வெளிய வருதுன்னு எப்படித் தெரியும்? அம்புட்டுத் தூரத்துல நகர்றது தெரியுமா?"

"நகர்றது தெரியாது. நெறம் தெரியும். நம்மளப் பாத்து வர்ற வாயுவோட வெளிச்சம் கொஞ்சம் நீலப் பக்கம் நகரும், வெலகிப் போறது செவப்புப் பக்கம்." சஹனைச் சாய்த்துப் பிடித்தார். "ஆனா நெறம் மட்டும் போதாது. இந்தத் தட்டுல எந்த விளிம்பு உங்களுக்குக் கிட்ட இருக்கு?"

"கீழ் விளிம்பு."

"அந்தப் பக்கத்து வாயு உங்களப் பாத்து வந்தா அது நடுவுலருந்து வெளிய வருதுன்னு அர்த்தம். தூரத்து விளிம்புப் பக்கம் இருக்கற வாயு உங்களப் பாத்து வந்தா?"

பட்டாணியை மேல் விளிம்பில் வைத்து என்னை நோக்கி நகர்த்திப் பார்த்தேன். அது நடுவுக்குத்தான் போனது.

"உள்ள போகுது."

"அம்புட்டுதான். கிட்டப் பக்கம் எதுன்னு மாத்திச் சொல்லிட்டா உள்ள போறது வெளிய வர்றதா ஆயிரும். படத்துல கிட்டப் பக்கத்துத் தூசி கருப்புக் கோடாத் தெரியும். நடு வெளிச்சத்த மறைச்சுக்கிட்டு முன்னால நிக்கும்ல, அத வச்சுத்தான் கண்டுபிடிக்கறது."

நேர்காணல் ஆன்லைனில் நடப்பதாக இருந்தது. அதற்கு முந்தின வாரம் கட்டுரையில் சேர்க்கத் தெளிவான படம் வேண்டும் என்று கூட எழுதியவர்களில் ஒருவர் கேட்டிருந்தார். இரண்டு படங்களையும் பெரிதாக அச்செடுத்து வரச் சொல்லி மகள் என்னை ஜெராக்ஸ் கடைக்கு அனுப்பினார். ஒன்று தூசிக் கோடு தெரியும் புகைப்படம், இன்னொன்று நீலமும் சிவப்புமான படம். கொண்டு வந்து கொடுத்துவிட்டு நான் பாய்க்கு முகம் சவரம் செய்ய உட்கார்ந்தேன்.

மகள் இரண்டு தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பொருத்திப் பார்த்தார். கேலக்ஸி பொருந்தியது. ஓரத்தில் ஒரு நட்சத்திரம் இருந்தது. ஒரு தாளில் அது இடப்பக்கம் கீழே, இன்னொரு தாளில் வலப்பக்கம் கீழே. அவர் புகைப்படத்தாளைப் பின்பக்கமாகத் திருப்பிப் பிடித்தார். இப்போது இரண்டு நட்சத்திரங்களும் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்தன. அவர் அப்படியே நின்றார். அடுப்பில் பருப்பு பொங்கி வழிந்து வாசனை வந்தது. அவர் அசையவில்லை. நான் கத்தியை வைத்துவிட்டுப் போய் அடுப்பை அணைத்தேன். திரும்பி வந்தபோது தரையில் உட்கார்ந்திருந்தார்.

"என்ன மேடம்?"

"வானத்துப் படத்துல வடக்க மேல வச்சா கிழக்கு இடப்பக்கம் வரணும்ணே."

"வலப்பக்கம்ல மேடம் வரும்? பள்ளிக்கூடத்து மேப்புல அப்படித்தான் இருந்துச்சு."

"அது மேலருந்து கீழ பாத்துப் போட்டது. இது அண்ணாந்து பாத்து எடுத்தது. அத்தாவப் பாருங்க. தல வடக்க இருக்கு, மல்லாக்கப் படுத்திருக்காரு. அவருக்குக் கிழக்கு எந்தக் கைப்பக்கம்?"

பாய் சோப்பு நுரை முகத்தோடு இடது கையைத் தூக்கி ஆட்டினார்.

அந்தப் புகைப்படம் பழைய தொலைநோக்கி ஒன்றில் எடுத்தது. அதன் கண்ணாடிகள் வழியாக வரும்போது படம் இடம் வலமாக மாறி விழுமாம். யாராவது ஒருமுறை திருப்பிப் போட வேண்டும். வேறொருவர் முன்பே திருப்பி வைத்திருந்ததை இவர் இன்னொரு முறை திருப்பிவிட்டார். தூசிக் கோடு மேற்கே இருக்கிறது என்று எடுத்துக்கொண்டார். உண்மையில் அது கிழக்கே இருந்தது. நீலம் இருந்த மேற்குப் பக்கம் தூரத்துப் பக்கம். வாயு வெளியே வரவில்லை, உள்ளே போய்க்கொண்டிருந்தது.

நான் மறுபடி கத்தியை எடுத்துப் பாயின் கன்னத்தில் வைத்தேன். அவர் என் கையை விலக்கினார். மகளைப் பார்த்துக் குழறலாகக் கேட்டார்.

"பாத்ததாம்மா, நெனச்சதா?"

"நெனச்சதுத்தா" என்றார் மகள். "யாரும் திருப்பிருக்க மாட்டாங்கன்னு நெனச்சுட்டேன்."

பாய் கேலி செய்வார் என்று எதிர்பார்த்தேன். செய்யவில்லை. "வேலைக்கு எழுதுனதும் இதத்தான?" என்றார்.

"ஆமாத்தா."

மத்தியானம் அவர் பாய்க்குச் சோறு பிசைந்துகொண்டிருந்தபோது, கூட எழுதியவர்களில் மூத்தவரான பேராசிரியர், இவர் தவறைச் சொல்லி அனுப்பிய செய்தியைப் பார்த்துவிட்டுப் போனில் வந்தார். கையெல்லாம் சோறு என்பதால் ஸ்பீக்கரில் போடச் சொன்னார். மதுரைப் பக்கத்துக்காரர் என்பது பேச்சில் தெரிந்தது.

"இன்டர்வியூ முடியட்டும்மா. கட்டுரைய அப்புறமாத் திருத்திக்கலாம். அந்தக் குழுவுல யாரு போயி அந்த மூலை நட்சத்திரத்தப் பாக்கப் போறா?"

"நான் பாத்துட்டேனே சார்."

"உனக்கு இது கடைசி சான்ஸும்மா. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"தெரியும் சார். ஆனா வெளிய வருதுன்னு சொல்லி வேல வாங்கிட்டு, மறுநாள் உள்ள போகுதுன்னு சொன்னா, அவங்க வேல குடுத்தது எதுக்கு? எடம் வலம் மாத்திப் போட்ட ஒரு படத்துக்கா?"

"உங்க அத்தாகிட்டக் கேட்டியா?" என்றார் பேராசிரியர்.

பாய் வாயில் சோற்றோடு, "கேக்க வேண்டியதில்ல சார்" என்றார். "நான் தோல்ல ஓட்டை இருந்தாச் சொல்லித்தான் வித்தேன். அதான் பெருசா சம்பாதிக்கல."

மகள் கட்டுரையைத் திரும்பப் பெறுவதாகப் பத்திரிகைக்கும், மனுவில் எழுதியது தவறு என்று அந்த நிலையத்துக்கும் அன்றைக்கே மெயில் அனுப்பினார். அனுப்பிவிட்டு அறையில் கோரைப்பாய் விரித்துப் படுத்தார். அவர் பகலில் தூங்கி நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். சாயங்கால பாங்கு சொல்லும்வரை தூங்கினார். எழுந்து வந்தவருக்கு முகம் வேறாக இருந்தது. காய்ச்சல் விட்டவரைப் போல, நன்றாகப் பசிக்கிறது என்று மீதிச் சோற்றையெல்லாம் சாப்பிட்டார்.

இனி நேர்காணலுக்கே கூப்பிட மாட்டார்கள் என்றுதான் நான் எண்ணினேன். தேதியை மாற்றாமல் கூப்பிட்டார்கள். முற்பகல் நேரம். பாயைச் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. அவரோ தன்னைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்து முன்கட்டு அறைக்கதவருகே கொண்டு போகச் சொல்லிப் பிடிவாதம் பிடித்தார். கொண்டு போனேன். கதவு பாதி சாத்தியிருந்தது. எனக்கு இங்கிலீஷ் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் மகள் முதலில் காட்டிய படம் எது என்று தெரிந்தது. சரியானதை அல்ல, தவறாகத் திருப்பிய படத்தைத்தான் முதலில் போட்டார். அதைக் காட்டி ஏதோ சொன்னார். பிறகு அதைத் திருப்பினார். மூலையில் இருந்த நட்சத்திரத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டிருந்தார்.

"ஏலே, என்னலே சொல்றா?" என்று பாய் கிசுகிசுத்தார். அவருடைய கிசுகிசு தெருவுக்கே கேட்கும்.

"தப்பு பண்ணுனதச் சொல்றாங்க பாய்."

"முழுசாவா?"

"முழுசாத்தான்."

அதன் பிறகு வாயு எவ்வளவு உள்ளே போகிறது, அந்த நடுப்பகுதிக்கு அது போதுமா என்பது பற்றிப் பேச்சு போனது என்று பிற்பாடு சொன்னார். உள்ளே போகும் வாயு அந்த மங்கல் வெளிச்சத்துக்குத் தேவையானதை விட அதிகமாம். மீதி எங்கே போகிறது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். வழியில் எங்காவது தேங்கிப் புது நட்சத்திரங்கள் ஆகலாம் என்று நினைக்கிறேன், இன்னும் பார்க்கவில்லை என்று இவர் சொல்லியிருக்கிறார். வெளியே வந்து ஒரு சொம்புத் தண்ணீரையும் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "அப்பாடா" என்றார். கிடைக்குமா என்று நாங்கள் இருவரும் கேட்கவில்லை. கேட்டால் அவர் பதிலுக்கு என்ன கேட்பார் என்று எங்களுக்குத் தெரியும்.

கிடைக்கவில்லை. வேறொருவரை எடுத்துவிட்டதாகவும் இவர் பெயர் அடுத்ததாக இருப்பதாகவும் பதில் வந்தது. அவர் அழவில்லை. பக்கத்துத் தெருவில் ஒரு கோச்சிங் சென்டரில் போய்ப் பேசிவிட்டு வந்தார். நானும் என் பையைத் தட்டி வைத்தேன். கோச்சிங் சென்டர் சம்பளத்தில் எனக்கும் சேர்த்து எங்கே கொடுக்க முடியும்? ஆனால் கோடை தொடங்கியபோது, எடுக்கப்பட்டவர் வெளிநாட்டுக்குப் போய்விட்டார் என்று இவருக்கு வேலை வந்தது. மெயிலைப் படித்துவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னாலேயே அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து போய்ப் பேகம்பூருக்குப் போன் போட்டு, "மாமி, ஊருக்குப் போறதுக்குள்ள ஒருக்கா வந்துட்டுப் போங்க, டீ போட்டுத் தாரேன்" என்றார். மாமி வந்தார். அவர் முகம் தெளிந்திருக்கிறது, இவர் முகம் தெளிந்திருக்கிறது என்று எல்லாருக்கும் சொன்னார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

என்னையும் கூப்பிட்டார்கள்.

"எங்ககூட வந்துருங்கண்ணே. அத்தாவுக்கும் உங்கள விட்டா ஆகாது."

"வடக்க குளிரு தாங்காது மேடம்."

"பாத்ததா, நெனச்சதா?"

"பாத்ததுதான் மேடம். போர் வண்டியில போயி நடுங்கிட்டு வந்திருக்கேன்."

அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். ரயிலில் அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்து போர்வையை விரித்தபோது, "எங்க போவீங்க?" என்று கேட்டார். தெரியாது என்றேன். சரி என்று தலையாட்டினார். பத்திரமாக இருங்கள், நல்லபடியாக நடக்கும் என்றெல்லாம் சொல்லவில்லை. எனக்கு அதுவே போதுமாக இருந்தது. பாய்தான், "ஏலே, யாரும் உன்னைய ஊறப் போட்டுறாமப் பாத்துக்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அன்று பேருந்து நிலையத்தில் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டேன். கறிக்குழம்புச் சோறு, வெஞ்சனமாக ஒரு முட்டை. அங்கேயே சிமெண்டுப் பெஞ்சில் படுத்தேன். விடிந்ததும் முகம் கழுவிக்கொண்டு சின்ன வெங்காய மண்டிக்குப் போனேன். லாரிகள் வந்து நின்றிருந்தன. ஒரு கடைக்காரர் ஆள் பற்றாமல் கத்திக்கொண்டிருந்தார்.

"மூட்ட தூக்குவியா?"

"தூக்குவேன். ஒரு தோள்பட்ட மட்டும் செத்த மக்கர் பண்ணும்."

"முன்னாடி என்ன பண்ணிட்டிருந்த?"

"ஒரு பாயத் தூக்கிட்டிருந்தேன்."

அவருக்குப் புரியவில்லை. புரிந்துகொள்ள நேரமும் இல்லை. "எம்புட்டு நாள் இருப்ப? அதச் சொல்லு மொதல்ல. நேத்து வந்தவன் மத்தியானமே கம்பி நீட்டிட்டான்."

எப்போதும் போல வருஷக் கணக்கில் இருப்பேன் என்று சொல்லியிருக்கலாம். "இப்பச் சொல்ல முடியாதுண்ணே" என்றேன். "இருந்து பாத்துட்டுச் சொல்றேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மூட்டை தூக்கும் கொக்கியை நீட்டினார். ஏலம் தொடங்குவதற்குள் முதல் லாரியை இறக்கி முடிக்க வேண்டியிருந்தது.